ஸோன் மைக்ல இருந்து ஸோன் விக்டர் வரைக்கும்: காஸி போன வழியில நாலு நாள்

முதல் நாள், சென்னை

ரொம்ப வருஷமா மனசுல இருந்த பயணம், இன்னிக்குதான் ஆரம்பிச்சிருக்கு. 1971 நவம்பர்ல கராச்சில இருந்து கிளம்பி, கன்னியாகுமரிக்கும் இலங்கைக்கும் கீழ சுத்திக்கிட்டு வந்து, நம்ம மெட்ராஸுக்கு வெளிய கடல்ல நின்னு தேடிட்டு, அங்கேருந்து விசாகப்பட்டினம் போயி அங்கேயே முடிஞ்சுபோன பாகிஸ்தான் நீர்மூழ்கி 'காஸி'. அது வந்த வழியில கடைசித் துண்டை மட்டுமாவது, சென்னைல இருந்து விசாகை வரைக்கும், நம்மளும் ஒரு தடவை போயிட்டு வரணும்னு ஆசை. கடல் வழியா போக முடியாது, கரையோரமா ட்ரெயின்லதான்.

கூட வர்றது எங்க மாமா, அம்மாவோட தம்பி. நாகர்கோவில்ல இருந்து நேத்துதான் வந்தாரு. 1974ல நேவில சேந்து பதினஞ்சு வருஷம் சிக்னல் ஆளா இருந்தவரு, நீளமும் குட்டையுமா தட்டி எழுத்தைச் சொல்ற மோர்ஸ் குறியீடு காதுல விழுந்தா கை தானா எழுதும். 1971 இந்தியா-பாகிஸ்தான் போருக்கு மூணு வருஷம் பிந்தி சேந்தவருதான், ஆனா அவருக்குச் சொல்லிக்குடுத்த சீனியர்கள்ல நெறைய பேரு அந்த டிசம்பர்ல கடல்ல இருந்தவங்க, அதனால காஸி கதை அவருக்குப் புஸ்தகத்துல படிச்ச கதை இல்ல.

பத்து மணிக்கு மெரினா கலங்கரை விளக்கத்துல மேல ஏறிட்டோம். மேல இருந்து பாத்தா துறைமுகத்துக்குள்ள போக காத்துக்கிட்டு நிக்கிற கப்பலுங்க வரிசையா தெரியுது, அதுக்கு அந்தப் பக்கம் வெறும் நீலம்தான். மாமா அந்த நீலத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. "இந்தாலதான் எங்கயோ நின்னுருக்கான் மக்களே, பகல்ல கீழ, ராத்திரி ஆனா மேல. மெட்ராஸ் லைட்டு எல்லாம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கும் கேட்டியா."

நவம்பர் 14ஆம் தேதி கராச்சில கிளம்பிருக்கு. 16ஆம் தேதி பம்பாய்க்கு 400 மைல் வெளிய, 19ஆம் தேதி இலங்கைக்குப் பக்கத்துல, 20ஆம் தேதி வங்காள விரிகுடாக்குள்ள, 23ஆம் தேதி மெட்ராஸ் கடல்ல. இவ்ளோ துல்லியமா தேதி எப்படித் தெரியும்னு கேக்கலாம், எல்லாம் பின்னாடி முக்குளிக்கிறவங்க உள்ள போயி எடுத்துட்டு வந்த காகிதங்கள்ல இருந்து வந்ததுதான். ஒரு கப்பல் முங்கினதுக்கு அப்புறம் அதோட வரைபடத்துல பென்சில்ல போட்ட கோட்டை வச்சுத்தான் அதோட கடைசிப் பயணம் நமக்குத் தெரியுதுன்னு நெனச்சா ஒரு மாதிரி இருக்கு.

அந்தக் காகிதங்கள்ல மெட்ராஸ் கடலுக்கு 'ஸோன் மைக்'னு பேரு. விசாகப்பட்டினத்துக்கு 'ஸோன் விக்டர்'. வயர்லெஸ் பேச்சுல 'மைக்'னா M, 'விக்டர்'னா V. நம்ம ஊரு எதிரியோட மேப்புல ஒரே ஒரு எழுத்தா இருந்திருக்கு.

1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து மெட்ராஸ் எண்ணெய் டாங்க் மேல குண்டு போட்டதை நம்ம ஊரு இன்னும் மறக்கல, கெட்டிக்காரனைப் பாத்து "அவன் பெரிய எம்டன்"னு சொல்ற அளவுக்கு அது நம்ம பேச்சுலயே கலந்துருச்சு. காஸி அதே கடலுக்கு வந்து தேடிட்டுப் போயிருக்கு, ஒருத்தருக்கும் தெரியாது, ஒரு வார்த்தைகூட மிச்சம் இல்ல. பீச்ல அன்னிக்கும் சுண்டல் வித்துருப்பாங்க, பட்டம் விட்டுருப்பாங்க.

சாயங்காலம் ஹவுரா மெயில். மீதி ட்ரெயின்ல.

ரெண்டாம் நாள், ட்ரெயினும் விசாகையும்

ராத்திரி கூடூர் தாண்டுற வரைக்கும் நானும் மாமாவும் பேசிக்கிட்டே இருந்தோம், பக்கத்து பெர்த்துக்காரரு லைட்டை அணைக்கச் சொன்ன பிறகு இருட்டுல மெதுவா பேசினோம். எல்லாம் ஒரே விஷயம்தான், காஸிக்குக் குடுத்த உத்தரவு.

அந்த உத்தரவு ரெண்டே ரெண்டு வேலை. முதல் வேலை, இந்தியாவோட ஒரே விமானம்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடிப் பிடிச்சு முக்கணும். ரெண்டாவது, கிழக்குக் கரையில, முக்கியமா விசாகப்பட்டினம் வாசல்ல, கண்ணிவெடி போடணும். இவ்ளோ தூரம் போயிட்டு வர்ற வேலைக்கு பாகிஸ்தான்கிட்ட வேற கப்பலே இல்ல. பிரெஞ்சுக்காரங்க கட்டுன புது நீர்மூழ்கி மூணு இருந்துச்சு, ஆனா அதுங்களுக்கு அவ்ளோ தூரம் தாங்காது. காஸி மட்டும்தான் எண்ணெய் ரொப்பிட்டா 11,000 கடல் மைல் ஓடும். பசிபிக்ல ஜப்பானுக்கு எதிரா போறதுக்காக அமெரிக்கா கட்டுனது, அப்போ அதுக்குப் பேரு டயாப்லோ, 1944 டிசம்பர்ல தண்ணில எறக்குனது, 1964ல பாகிஸ்தான் கைக்கு வந்துச்சு. 1971ல அதுக்கு வயசு 27. நீர்மூழ்கிக்கு அது கெழட்டு வயசு. அந்தக் கெழட்டுக் கப்பல்ல 93 பேரு, கமாண்டர் ஜாஃபர் முகமது கான் தலைமையில, கிட்டத்தட்ட 3,000 மைல் சுத்தி வந்துருக்காங்க.

விக்ராந்த் மட்டும் என்ன, அதுக்கும் உடம்பு சரியில்ல. பாய்லர்ல விரிசல், முழு வேகத்துல ஓட முடியாத நிலைமை. அதனாலதான் அதை ஒளிச்சு வைக்க வேண்டியதாயிருச்சு. காஸி மெட்ராஸுக்கு வந்தப்போ விக்ராந்த் அங்கேருந்து கிளம்பி பத்து நாள் ஆயிருந்துச்சு. அந்தமான்ல மனுஷ நடமாட்டமே இல்லாத ஒரு விரிகுடால, 'போர்ட் எக்ஸ்ரே'ன்னு ஒரு பொய்ப்பேரு வச்சு, அங்க போயி நின்னுருச்சு.

இதை எல்லாம் யோசிச்சவரு யாருன்னா, கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். 1919ல நாகர்கோவில்ல பொறந்தவரு. மாமா இந்த இடம் வந்தாலே குரல் மாறிடும். "நம்ம ஊருக்காரருலா மக்களே, நம்ம ஊருக்காரரு"ன்னு இருட்டுலயே ரெண்டு தடவை சொன்னாரு.

கிருஷ்ணன் பண்ணது என்னன்னா, எதிரி காதுல விழுற மாதிரி ஒரு பொய்யைக் கட்டுனாரு. ராஜ்புத்னு ஒரு பழைய டெஸ்ட்ராயர் போர்க்கப்பல், ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ்காரங்ககிட்ட ராதர்ஹாம்ங்கிற பேர்ல இருந்தது, அதை விசாகைல இருந்து 160 மைல் வெளிய அனுப்பி, "நீதான் விக்ராந்த், நெறைய வயர்லெஸ்ல பேசு"ன்னு சொல்லிட்டாரு. கரையில ஒப்பந்தக்காரங்ககிட்ட பெரிய கப்பல் வருதுங்கிற மாதிரி கறியும் காய்கறியும் மலை மாதிரி ஆர்டர் போட்டாரு, கடைத்தெருவுல பேச்சு பரவணும்ல. இதெல்லாம்கூட எனக்கு ஆச்சரியம் இல்ல. ஒரு தந்திதான் என்னை இன்னும் விடல. விக்ராந்த்ல இருக்குற ஒரு சிப்பாய், உடம்பு சரியில்லாத தன்னோட அம்மா எப்படி இருக்காங்கன்னு விசாரிக்கிற மாதிரி, ரகசியக் குறியீடு எதுவும் இல்லாம, யாரு வேணும்னாலும் கேக்குற மாதிரி ஒரு தந்தி. அப்படி ஒரு அம்மாவே இல்ல.

"மாமா, நீங்க இருந்து உங்க கையில அந்தத் தந்தி குடுத்திருந்தா?"

கொஞ்ச நேரம் பேசல. "அடிச்சிருப்பேன். சிக்னல்காரனுக்கு அது நெசமா பொய்யான்னு யாரு சொல்லுவா? குடுத்த காயிதத்தை அனுப்பணும், அவ்வளவுதான் மக்களே. அங்கிட்டு கேக்கவனுக்கும் அப்பிடித்தான், வந்ததை எழுதி கேப்டன் கையில குடுப்பான்."

அங்கிட்டு எழுதுன காகிதமும் கெடச்சிருக்கு. நவம்பர் 25ஆம் தேதி கராச்சில இருந்து காஸிக்குப் போன சிக்னல். சாரம் இதுதான்: ஸோன் விக்டருக்கு உடனே போங்க, விமானம்தாங்கி துறைமுகத்துல இருக்குறதா உளவுத் தகவல் சொல்லுது. அவ்ளோதான். ரெண்டு வரி. 93 பேரும் அந்த ரெண்டு வரியை நம்பி வடக்க திரும்பிட்டாங்க. திரும்பிக் கேள்வி கேக்க வழி இல்லையான்னு மாமாகிட்ட கேட்டேன். நீர்மூழ்கி வாயைத் தொறந்தா அது எங்க இருக்குன்னு எதிரிக்குத் தெரிஞ்சுரும், அதனால காதை மட்டும்தான் தொறந்து வச்சிருக்கும்னாரு, ராத்திரில மேல வந்து ஏரியலை நீட்டி சொன்னதை வாங்கிக்கிட்டு மறுபடி கீழ போயிரும்.

விடியக்காலைல ராஜமுந்திரி, கோதாவரிப் பாலத்துல ட்ரெயின் தடதடன்னு போறப்போ முழிச்சுட்டேன், தண்ணி மேல பனி மூட்டம். மாமா முந்தியே எந்திரிச்சு ஜன்னல்ல உக்காந்திருந்தாரு. அனகாப்பள்ளி தாண்டி விசாகை. ரூம் போட்டு, குளிச்சு, பெசரட்டு சாப்பிட்டு, ரெண்டு பேரும் அப்படியே தூங்கிட்டோம். இன்னிக்கு வேற ஒண்ணும் இல்ல.

மூணாம் நாள், குர்சுரா

ஆர்.கே. பீச்ல மணல் மேல ஒரு முழு நீர்மூழ்கியையே ஏத்தி வச்சிருக்காங்க, ஐஎன்எஸ் குர்சுரா. மத்தியானத்துக்கு மேலதான் திறந்தாங்க. சோவியத் யூனியன் கட்டுனது, 1969 டிசம்பர்ல நம்ம கடற்படைக்கு வந்துச்சு, 31 வருஷம் ஓடி 2001ல ஓய்வு, 2002ல இந்த மியூசியம். 91 மீட்டர் நீளம். வெளிய இருந்து பாத்தா பெருசா தெரியுது, உள்ள போனாதான் தெரியும்.

பக்கவாட்டுல வெட்டி வச்ச படி வழியா ஏறி உள்ள போனா முதல்ல டார்பிடோ அறை, டார்பிடோன்னா தண்ணிக்கு அடியிலயே பாஞ்சு போயி கப்பலை அடிக்கிற குண்டு. ஆறு குழாய் முன்னாடி, நாலு பின்னாடி, மொத்தம் 22 டார்பிடோ கொண்டு போகலாமாம். அந்த டார்பிடோக்களை ஒட்டியே படுக்கை. படுக்கைன்னா ஒரு ஆளு மல்லாந்து படுத்தா மூக்குக்கு மேல ஒரு சாண் இடம். ஒரு அறைல இருந்து இன்னொரு அறைக்குப் போக வட்டமா ஒரு ஓட்டை, முதல்ல கால், அப்புறம் குனிஞ்சு உடம்பு, கடைசியா தலை. மாமா அறுபத்தொம்பது வயசுல அதுல சரக்குன்னு போயிட்டாரு, நான்தான் நெத்தியில இடிச்சுக்கிட்டேன்.

எங்களைக் கூட்டிட்டுப் போனவரு ஓய்வு பெற்ற நீர்மூழ்கிக்காரரு, தெலுங்கும் இந்தியும் கலந்து பேசுனாரு, மாமா நேவின்னு தெரிஞ்சதும் "சாப், இங்க வாங்க"ன்னு தனியா கூட்டிட்டுப் போயி காட்டுனாரு. குளிக்கத் தண்ணி கெடையாது, இருக்குற நல்ல தண்ணி குடிக்கவும் சமைக்கவும்தான். போட்ட உடுப்பை மூணு நாளு போட்டுட்டு தூக்கிப் போடணும். எழுவத்தஞ்சு பேருக்கு ரெண்டு கக்கூஸ். அதைவிட முக்கியமா ஒண்ணு சொன்னாரு, காலுக்குக் கீழ இரும்புத் தட்டைக் காட்டி, இதுக்கு அடியில முழுக்க பேட்டரின்னாரு. தண்ணிக்கு அடியில டீசல் இன்ஜின் ஓட்ட காத்து கெடையாது, பேட்டரிலதான் ஓடணும், பேட்டரி எறங்க எறங்க மேல வந்தே ஆகணும். சார்ஜ் ஏத்தறப்போ அதுல இருந்து ஹைட்ரஜன் வரும். அதை வெளிய தள்ளாம விட்டா ஒரு பொறி போதும். காஸி எப்படி வெடிச்சதுங்கிறதுக்கு இதையும் ஒரு காரணமா சொல்றவங்க உண்டுன்னு மெதுவா சொன்னாரு.

குர்சுராவும் அதே 1971 நவம்பர்ல ரோந்து போன கப்பல்தான், அந்தப் பக்கம் அரபிக்கடல்ல. நவம்பர் 18ஆம் தேதி கிளம்பிருக்கு. அதுக்கும் ஒரு உத்தரவு இருந்துச்சு, ஆனா நேர் எதிரான உத்தரவு: குறிப்பிட்ட கப்பல் பாதைகளைத் தாண்டக்கூடாது, தனியா உத்தரவு வராம அடிக்கக்கூடாது, அடிக்கிறதுக்கு முன்னாடி எதிரிதான்னு நிச்சயமாத் தெரியணும். நவம்பர் 30ஆம் தேதி கடல்ல கரஞ்ச்ங்கிற நீர்மூழ்கியைச் சந்திச்சு அதுகிட்ட விவரங்களைக் குடுத்துட்டு, டிசம்பர் 4ஆம் தேதி பம்பாய்க்குத் திரும்பிருச்சு. அதே டிசம்பர் 4. ஒரு கடல்ல ஒரு நீர்மூழ்கி பத்திரமா வீட்டுக்கு வந்த நாள்ல இன்னொரு கடல்ல இன்னொண்ணு இல்லாம போயிருச்சு.

வயர்லெஸ் அறை ஒரு அலமாரி அளவுதான். ஒரு ஆள் உக்காந்தா இன்னொரு ஆள் நிக்க முடியாது. மாமா அந்த வாசல்லயே நின்னுட்டாரு, பின்னாடி வந்தவங்க எல்லாம் எங்களைத் தாண்டிப் போயிட்டாங்க. உள்ள ஹெட்போன் மாட்டுன மாதிரி ஒரு பொம்மையை உக்கார வச்சிருந்தாங்க.

"இங்க இருந்துதான் கேட்டுருப்பான்"னாரு.

"காஸிலயா மாமா?"

"எல்லாக் கப்பல்லயும் இப்பிடித்தான் இருக்கும். ஒருத்தன் இருப்பான். அவனுக்குத்தான் மொதல்ல தெரியும், கேப்டனுக்கே அப்புறம்தான்."

வெளிய வந்து முரி மிக்சர் வாங்கிக்கிட்டு மணல்ல உக்காந்தோம். பொரி, வெங்காயம், எலுமிச்சை, காரம் தூக்கலா இருந்துச்சு. மாமா ஒண்ணும் சாப்பிடல, கையிலயே வச்சிருந்தாரு.

நாலாம் நாள், விசாகை, ராத்திரி

காலைல மீன்பிடித் துறைமுகம் போனோம். டால்பின்ஸ் நோஸ் மலை அங்கேருந்து பெருசா தெரியுது, அது ஒரு கை மாதிரி கடலுக்குள்ள நீட்டி நிக்குது, அதுக்கு இந்தப் பக்கம்தான் துறைமுகத்துக்குள்ள போற வாய்க்கால். வாசல் ரொம்பக் குறுகல். பெரிய கப்பல் உள்ள போகணும்னாலும் வெளிய வரணும்னாலும் இந்த ஒரு வழிதான். கண்ணிவெடி போடறவனுக்கு இதைவிட வசதியான இடம் கெடையாது, காஸி ஏன் இந்த வாசல்கிட்ட வந்து படுத்துச்சுன்னு வரைபடத்துல பாத்தப்போ புரியாதது இங்க நேர்ல நின்னதும் ஒரு நிமிஷத்துல புரிஞ்சிருச்சு.

டிசம்பர் 3 சாயங்காலம் மேற்குல பாகிஸ்தான் விமானங்க குண்டு போட்டு போர் ஆரம்பிச்சிருச்சு. அன்னிக்கு ராத்திரி கிருஷ்ணன் ராஜ்புத்தை மறுபடி வெளிய அனுப்புறாரு. விளக்கெல்லாம் அணைச்ச ஊரு. கப்பலோட கேப்டன் லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங். வாய்க்காலைத் தாண்டி, கப்பலை வெளிய கூட்டிட்டு வந்த துறைமுக வழிகாட்டியை எறக்கி விட்ட கொஞ்ச நேரத்துல முன்னாடி தண்ணி கலங்குற மாதிரி தெரிஞ்சிருக்கு, உடனே அந்த எடத்துல ஆழ்வெடி, அதாவது தண்ணிக்கு அடியில போயி வெடிக்கிற குண்டு, ரெண்டு போட்டுட்டு வேகமா போயிட்டாங்க. நடுராத்திரி தாண்டி பன்னெண்டேகால் வாக்குல கரையெல்லாம் அதிர்ற மாதிரி ஒரு பெரிய வெடிச்சத்தம், வீட்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆடிருக்கு. அதுக்கப்புறம் கடல்ல எண்ணெய் படலமும் மிதக்குற சாமானும் கெடக்குதுன்னு வந்து சொன்னது மீன்பிடிக்கப் போனவங்கதான். அப்புறம் முக்குளிக்கிறவங்க எறங்கிப் பாத்து, காஸிதான்னு உறுதி பண்ணாங்க. உள்ள இருந்த 93 பேர்ல ஒருத்தரும் இல்ல.

நம்ம ஆளுங்க ராஜ்புத் போட்ட ஆழ்வெடிதான் முடிச்சதுன்னு சொல்றாங்க. பாகிஸ்தான் தரப்பு, தான் போட்ட கண்ணிவெடிலயே சிக்கிடுச்சு இல்லன்னா உள்ளயே எதோ வெடிச்சிருச்சுன்னு சொல்லுது. அம்பது வருஷத்துக்கு மேல இந்த வாக்குவாதம் ஓடுது. எனக்கு அதுல ஒரு பக்கம் நின்னு சண்டை போடணும்னு தோணல. எப்படி வெடிச்சாலும் அந்தக் கப்பலை அந்த வாசலுக்குக் கூட்டிட்டு வந்தது ஒரு பொய், அந்தப் பொய் விக்ராந்தையும் அதுல இருந்த நம்ம ஆளுங்களையும் காப்பாத்துச்சு, டிசம்பர் 4ஆம் தேதியே விக்ராந்த்ல இருந்து விமானங்க கிளம்பி அப்போ கிழக்கு பாகிஸ்தானா இருந்த பங்களாதேஷ்ல காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் அடிச்சிச்சு. கிருஷ்ணன் பண்ணது சரின்னுதான் நான் முழு மனசா நம்புறேன். ஆனாலும் அந்த 93 பேரை நெனச்சா மனசு கனக்குது, ரெண்டும் ஒண்ணா இருக்கலாம்னுதான் நெனக்கிறேன். அஞ்சு நாள் கழிச்சு டிசம்பர் 9ஆம் தேதி அவங்களோட ஹங்கோர் நீர்மூழ்கி நம்ம போர்க்கப்பல் குக்ரியை முக்குனப்போ நம்ம பக்கம் 194 பேரு போனாங்க, கேப்டன் மகேந்திரநாத் முல்லாவும் கப்பலோடயே போயிட்டாரு. அந்த வீடுகள்ல நடந்ததுதானே இந்த 93 வீடுகள்லயும் நடந்திருக்கும்.

சாயங்காலம் பீச் ரோட்டுல இருக்குற 'விக்டரி அட் ஸீ' போர் நினைவிடத்துக்குப் போனோம். மாமா செருப்பைக் கழட்டிட்டு நிமிந்து நின்னு சல்யூட் அடிச்சாரு. சின்னப் பசங்க ரெண்டு பேரு அவரைப் பாத்துட்டு அதே மாதிரி நின்னாங்க.

ராத்திரி பன்னெண்டு மணிக்கு மறுபடி பீச்சுக்குப் போகணும்னு மாமாதான் சொன்னாரு. காத்து நல்லா குளுந்துச்சு, மஃப்ளர் சுத்திக்கிட்டு அந்தக் கைப்பிடிச் சுவத்துல உக்காந்தோம். குர்சுராக்கு மேல லைட்டு எரிஞ்சிக்கிட்டு இருந்துச்சு. வெளிய நங்கூரம் போட்ட கப்பலுங்களோட வெளக்கு நாலஞ்சு. பன்னெண்டேகால் ஆச்சு. மாமா ஒண்ணும் பேசல, மோதிர விரலால சுவத்துல தட்டிக்கிட்டு இருந்தாரு, முதல்ல சும்மா தட்டுறாருன்னு நெனச்சேன், அப்புறம்தான் தெரிஞ்சது அது நீளமும் குட்டையுமா வருதுன்னு.

"என்ன மாமா அடிக்கீங்க?"

"அவனோட பேருதான். காஸின்னு." மறுபடி தட்டுனாரு. "கராச்சில ஒருத்தன் உக்காந்து கூப்பிட்டுருப்பாம்லா. டூட்டி மாறி அடுத்தவன் வந்து கூப்பிட்டுருப்பான். பதில் வராதுன்னு தெரியாமல்லா கூப்பிட்டுருப்பானுவ."

ஒரு மணி வரைக்கும் அங்கேயே இருந்தோம். இப்போ ரூம்ல உக்காந்து இதை எழுதுறேன், மாமா தூங்கிட்டாரு. நாளைக்கு மத்தியானம் ட்ரெயின்.